ஆறு கோழிகளின் இடது கால்

அந்தத் தெருவில் யார் வீட்டுக் கோழி காலைத் தூக்கிக்கொண்டு நின்றாலும் முதலில் கூப்பிடுவது தையல்காரியைத்தான். கால்நடை ஆஸ்பத்திரி ஒன்றும் தூரத்தில் இல்லை, பஸ்ஸில் நாலாவது நிறுத்தம். ஆனால் அங்கே வரிசையில் உட்கார வேண்டும். முன்னால் ஒரு நாய் இருக்கும், பின்னால் ஒரு பூனை இருக்கும், நடுவில் நம் மடியில் கோழி இருக்கும். அதற்குத் தையல்காரி தேவலை. தெரு அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர் வைத்திருந்தது. அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்பது சொல்லுகிறவர் வீட்டுக் கோழி பிழைத்ததா இல்லையா என்பதைப் பொறுத்தது.

வைத்தியம் பார்ப்பதில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. போனதும் கோழியைத் தொடமாட்டாள். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அரை மணி நேரம் அது நடப்பதை மட்டும் பார்ப்பாள். காபி கொடுத்தால் குடிப்பாள், கண்ணை எடுக்கமாட்டாள். "தொட்டுட்டா போச்சு. வலியை மறைச்சுக்கிட்டு மகாராணி மாதிரி நடக்கும். கோழி மாதிரி அழுத்தக்காரி உலகத்துலயே கிடையாது" என்பாள். அப்புறம்தான் பழைய துண்டில் தலையோடு சேர்த்துச் சுற்றி, மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் இரண்டு காலையும் ஒரே நேரத்தில் பிடிப்பாள். எந்தக் கால் சூடு என்று அப்போதுதான் தெரியுமாம். அடுத்து மூட்டு, விரல், கடைசியாக உள்ளங்கால். செதில் தூக்கிக்கொண்டு மாவு படிந்த மாதிரி இருந்தால் பூச்சி, வாசலினை அப்பிவிடுவாள். விரல்கள் உள்பக்கமாக மடங்கியிருந்தால் சத்துக் குறைவு. தண்ணீரில் வைட்டமின் சொட்டு. உள்ளங்காலில் மிளகு அளவுக்குக் கறுத்த பொருக்கு இருந்தால் அது ஆணி. முள்ளோ சிராயோ குத்தி, சீழ் உள்ளேயே இறுகிக் கட்டியாகிவிட்டது என்று அர்த்தம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, பொருக்கைத் தூக்கி, உள்ளே இருப்பதை நெம்பி எடுத்து, மருந்து வைத்துக் கட்டிவிடுவாள். ஒரு காலை முன்னாலும் இன்னொரு காலைப் பின்னாலும் நீட்டிக்கொண்டு கோழி விழுந்து கிடந்தால் மட்டும் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவாள். "இது வாதம். என்கிட்ட மருந்து இல்ல. மத்ததுங்களைத் தள்ளி வைங்க."

கட்டுப் போடும் துணிக்கு அவளிடம் பஞ்சமே கிடையாது. எதிர்வீட்டுச் சேவல் ஒரு மாதம் முழுக்க பேங்க் மேனேஜர் பெண்டாட்டியின் கவுன் துணியைக் காலில் சுற்றிக்கொண்டு திரிந்தது. அதற்குப் பிறகு அந்த அம்மாள் அந்தக் கவுனைப் போட்டு யாரும் பார்க்கவில்லை.

இப்படி ஒரு தெருவின் கோழிகள் அத்தனையின் உள்ளங்காலையும் திருப்பிப் பார்த்தவள், தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மறந்துபோய் அல்ல, அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவளுக்குச் சர்க்கரை. அவள் அக்காவுக்கும் சர்க்கரைதான். அக்கா தன் காலில் இருந்த காய்ப்பைப் பிளேடால் தானே செதுக்கினாள். பத்தாம் நாள் கட்டைவிரல் போயிற்று, இருபதாம் நாள் பாதம் போயிற்று, மாதம் முடிவதற்குள் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. அந்தக் காலைப் பார்த்துவிட்டு வந்த கையோடு தையல்காரி கிளினிக்குக்குப் போனாள். நர்ஸ் ஒரு நைலான் இழையால் அவள் பாதத்தை அங்கங்கே தொட்டு, "தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கேட்டாள். இடது காலில் பாதிக்கு மேல் தெரியவில்லை.

"இனிமே உங்க காலு உங்ககிட்ட எதையும் சொல்லாதும்மா. தினமும் நீங்கதான் பாத்துத் தெரிஞ்சுக்கணும்" என்று சொல்லி, நர்ஸ் ஒரு சின்னக் கண்ணாடியையும் கொடுத்து அனுப்பினாள். தரையில் வைத்து, மேலே காலைத் தூக்கிப் பார்க்க வேண்டுமாம்.

தையல்காரி நாலு நாள் பார்த்தாள். ஐந்தாம் நாள் கண்ணாடியைக் கையில் எடுத்ததுமே அதில் அக்காவின் கால் தெரிந்துவிடும் போலிருந்தது. நேராகக் கொல்லைப்புறத்துக்குப் போய், கோழிக்கூண்டில், கோழியின் உயரத்தில், தரையை ஒட்டி அதைக் கட்டிவிட்டாள். கோழிகளுக்குப் பொழுதுபோகுமாம். பஸ் டிரைவரான புருஷன் கேட்டதற்கு அப்படித்தான் சொன்னாள்.

"அப்ப ஒரு லிப்ஸ்டிக்கும் வாங்கிக் குடுத்துடு" என்றார் அவர். அதோடு மறந்தும் விட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஊசி உடைந்தது. பள்ளிக்கூடத்து டீச்சரின் நீலக் கோட்டில், காலரின் நாலு மடிப்பும் சேருகிற இடத்தில், டக்கென்று முறிந்தது. தையல் தொழிலில் ஒரு கண்டிப்பு உண்டு. முறிந்த ஊசியின் இரண்டு துண்டும் கைக்கு வராமல் துணியை வெளியே கொடுக்கக் கூடாது. மேல்துண்டு மிஷினிலேயே இருந்தது. முனையைக் காணோம். காந்தத்தால் தரையைத் துழாவினாள். மிஷினின் அடிப்பாகத்தைக் கழற்றினாள். காலரைப் பிரித்தாள், கைகளைப் பிரித்தாள், கடைசியில் கோட்டு என்று சொல்ல அங்கே எதுவும் மிஞ்சவில்லை. டீச்சர் இரண்டு தடவை வந்து வெறுங்கையோடு திரும்பினார். மூன்றாம் தடவை, மேஜையில் பரப்பிக் கிடந்த துண்டுகளைப் பார்த்து, "என்னம்மா, என் கோட்டுக்குப் போஸ்ட்மார்ட்டமா பண்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். மேல்துண்டைப் பட்டன் டப்பாவில் போட்டு வைத்தாள், ஜோடி கிடைக்கும் வரை இருக்கட்டும் என்று.

மிஷினை அவள் எப்போதும் வெறுங்காலால்தான் மிதிப்பாள். செருப்புப் போட்டால் மிஷினின் போக்கு தெரியாது என்பாள். காலுக்கே ஒன்றும் தெரியாமல் போன பிறகும் அந்தப் பேச்சை விடவில்லை.

வியாழக்கிழமை காலை தீனி போடப் போனபோது செம்பி நொண்டியது.

அவளிடம் ஆறு கோழிகள். செம்பி, கருப்பி, மொட்டைக்கழுத்து, புள்ளி, குட்டை. அப்புறம் வெள்ளை வெளேரென்று யாரோடும் சேராமல் தனியாக நிற்கும் ஒன்று, அதற்கு மேடம் என்று பெயர். செம்பிதான் மூத்தது. இடது காலைத் தூக்கி, ஒரு கணம் அந்தரத்தில் வைத்து, விரல்களை விரிக்காமல் பாதத்தின் வெளி ஓரத்தில் மட்டும் ஊன்றி, சட்டென்று அடுத்த காலுக்கு மாறியது. தையல்காரி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். அரை மணி நேரம் முழுசாகப் பார்த்தாள். இருபது வருஷத்தில் அப்படி ஒரு நொண்டலை அவள் பார்த்ததில்லை.

துண்டில் சுற்றி எடுத்தாள். இரண்டு காலும் ஒரே சூடு. மூட்டில் வீக்கம் இல்லை. செதில் வழவழவென்று இருந்தது. உள்ளங்கால் பஞ்சு மாதிரி சுத்தம். இருந்தாலும் ஊறவைத்துக் கட்டினாள். கூண்டிலிருந்த குச்சியைத் தாழ்த்திப் போட்டாள், உயரத்திலிருந்து குதித்துச் சுளுக்கியிருக்கலாம் என்று.

ஞாயிற்றுக்கிழமை கருப்பியும் அதே காலைத் தூக்கியது. புதன்கிழமைக்குள் மொட்டைக்கழுத்தும் புள்ளியும். பத்தாம் நாள் குட்டை. எல்லாம் இடது கால். எல்லாம் அதே நடை. உள்ளங்கால்களை ஒன்றுவிடாமல் பார்த்தாள், எல்லாம் சுத்தம். ஊசி முனையை எதுவாவது கொத்தி விழுங்கியிருக்குமோ என்றுகூட நினைத்து, காந்தத்தை ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒட்டிப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டுக் கொல்லையில் இருந்தவள் அவள் நாத்தனார், புருஷனின் தங்கை. இடுப்பளவு மதில் ஒன்றுதான் நடுவில். அந்த மதிலில் சாய்ந்து நின்றே பாதி ஆயுசைக் கழித்துவிட்டவள். எதைப் பார்த்தாலும் கழுத்தை வலது பக்கம் ஒடித்துத் திருப்பிக்கொண்டு பார்ப்பது அவள் வழக்கம். ஊசியில் நூல் கோக்க மட்டும் அண்ணி வேண்டும். காபியை ஊற்றினால் பாதி டம்ளருக்குள், பாதி டம்ளருக்கு வெளியே. தெரு அதைக் கைப்பழக்கம் சரியில்லை என்று பேசிக்கொண்டது.

"என்ன அண்ணி, காந்தத்தை வெச்சு கோழிக்கு இஸ்திரி போடறீங்களா?"

"ஊசி முனையை முழுங்கியிருக்குமோன்னு பாக்கறேன்."

"ஒரு முனையை அஞ்சும் பங்கு போட்டுத் தின்னுச்சாக்கும்! நல்ல ஒத்துமையான குடும்பம்தான் போங்க." நாத்தனார் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தினாள். "அண்ணி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க உள்ள மிஷின்ல உக்காந்திருக்கறப்ப இதுங்க நல்லாத்தான் நடக்குதுங்க. காலையில பூரா பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"உனக்கு டம்ளரே சரியாத் தெரியல, கோழி காலு தெரிஞ்சுதாக்கும்."

"தெரியாமலா சொல்றேன்? நீங்க கதவைத் திறந்ததும்தான் நொண்டுதுங்க."

தையல்காரி அதைக் காதில் வாங்கவில்லை. அவளுக்கு வேறு கவலை வந்திருந்தது. வீட்டுக்குள், மிஷினிலிருந்து பின்கதவு வரைக்கும், தரையில் பொட்டுப் பொட்டாகப் பழுப்புக் கறை விழ ஆரம்பித்திருந்தது. காலையில் துடைத்தால் சாயங்காலம் திரும்பவும் இருந்தது. கோழி ஏதோ உள்ளே வந்துபோகிறது, எதன் பாதத்திலோ உடைந்து வடிகிறது என்று முடிவு செய்தாள். பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு மிஷினில் உட்கார்ந்தாள். எழுந்து பார்த்தபோது கதவு சாத்தியபடியே இருந்தது. கறை இருந்தது. கதவைத் திறந்தால் வெளியே படியில் ஐந்து கோழிகளும் நின்றன, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, கொக்கரிக்காமல்.

"போங்கடி அந்தாண்ட!" என்று கத்தினாள். அவை போகவில்லை. அவள்தான் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் மேடமும் காலைத் தூக்கியது. யாரோடும் சேராத கோழி, அன்று வரிசையில் ஆறாவதாக வந்து நின்றது. தையல்காரி அதற்குமேல் காத்திருக்கவில்லை. செம்பியையும் மேடத்தையும் கூடையில் போட்டு மூடிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மாட்டு டாக்டர் நிஜமாகவே மாட்டுக்குப் பழகின கைக்காரர். கோழி அவர் உள்ளங்கையில் எலுமிச்சம்பழம் மாதிரி தெரிந்தது. அமுக்கினார், நீட்டினார், மடக்கினார். "ஒண்ணும் இல்லையேம்மா" என்றார். "நடக்க விட்டுப் பாக்கறேன். நீங்க வெளிய இருங்க. பழகின ஆளு முன்னாடி செல்லம் கொஞ்சும்."

வெளியே பெஞ்சில் ஒரு நாய்க்கும் ஒரு பூனைக்கும் நடுவில் உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டார். "நல்லாத்தானே நடக்குது? ரெண்டும் இந்த ரூமை நாலு சுத்து சுத்திடுச்சு" என்றவர், அவள் உள்ளே கால் வைத்ததும் பேச்சை நிறுத்தினார். செம்பி இடது காலைத் தூக்கியது. மேடமும் தூக்கியது. இரண்டும் அவளை நோக்கி, ஓரத்தில் ஊன்றி ஊன்றி வந்து, அவள் ரப்பர் செருப்புக்கு முன்னால் நின்றன.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஒரு தடவை வெளிய போயிட்டு வாங்கம்மா." போய்விட்டு வந்தாள். "இன்னொரு தடவை." போய்விட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவர் சீட்டில் எழுத ஆரம்பித்து, எழுதாமலே பேனாவை மூடினார்.

"என்ன வியாதி டாக்டர் சார்?"

"கோழிக்கு வர்ற வியாதி மாதிரி தெரியலம்மா." கூடையை அவரே தூக்கிக் கொடுத்தார். வாசல் வரைக்கும் வந்து விட்டுவிட்டுப் போனார். அந்த ஆஸ்பத்திரியில் இதுவரை யாருக்கும் கிடைக்காத மரியாதை.

வீட்டுக்கு வந்ததும் மதிலோரம் போய் நாத்தனாரைக் கூப்பிட்டாள். "நீ சொன்னது நிஜமான்னு பாத்துடறேன். நீ உள்ள போய் என் மிஷின்ல உக்காந்து சும்மா மிதி. சத்தம் கேட்டா நான் உள்ள இருக்கேன்னு நினைச்சுக்கும். நான் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி இருந்து பாக்கறேன்."

"கோழியை வேவு பாக்கறதுக்கு ஆளு வெச்ச முதல் குடும்பம் நம்மதா இருக்கும் அண்ணி" என்று முணுமுணுத்துக்கொண்டே நாத்தனார் போனாள். இருந்தாலும் இப்படி ஒரு வாய்ப்பை விடுகிறவளா அவள்?

மத்தியானம் மூன்று மணி. வெயில் கொல்லை முழுக்கத் தட்டையாகக் கிடந்தது. தையல்காரி தொட்டிக்குப் பின்னால் பதுங்கினாள். உள்ளேயிருந்து மிஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. கோழிகள் கூண்டிலிருந்து இறங்கின. செம்பி மண்ணைக் கிளறியது, இடது காலால்தான், பலமாக. கருப்பி ஓடியது. குட்டை ஒரு பூச்சியைத் துரத்திக்கொண்டு மதில் வரைக்கும் பறந்தது. மேடம் ஒரு செடியைச் சுற்றி நிதானமாக நடைபழகியது. ஒரு கோழியும் நொண்டவில்லை. தையல்காரிக்குப் பாதி நிம்மதி, பாதி கோபம். என்னை வைத்து விளையாடவா உங்களுக்குத் தீனி என்று மனதுக்குள் வைதாள்.

மிஷின் நின்றது. நாத்தனாருக்குக் கால் வலித்திருக்கும்.

ஆறு கோழிகளும் அப்படியே நின்றன. ஆறு தலைகளும் பின்கதவுப் பக்கம் திரும்பின. செம்பி இடது காலைத் தூக்கியது. அடுத்து கருப்பி. ஒன்றன்பின் ஒன்றாக ஆறும் தூக்கிக்கொண்டு, கதவைப் பார்த்து வரிசையாகக் காத்திருந்தன.

கதவு திறந்தது. நாத்தனார் தலையை நீட்டினாள். ஆறு கால்களும் ஒரே சமயத்தில் கீழே இறங்கின. இவள் அவள் இல்லை என்று தெரிந்துவிட்டது. பிறகு, யாரும் கூப்பிடாமல், எந்தச் சத்தமும் கேட்காமல், ஆறு தலைகளும் மெதுவாகத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பின. ஆறு இடது கால்களும் மறுபடி மேலே போயின.

ஒளிந்திருப்பதில் இனி அர்த்தமில்லை. தையல்காரி எழுந்து கூண்டை நோக்கி நடந்தாள், பிடித்து உள்ளே அடைத்துவிடலாம் என்று. கோழிகள் அவளுக்கு முன்னால் நடந்தன.

"அண்ணி, நில்லுங்க." நாத்தனாரின் குரல் கீச்சென்று வந்தது.

"என்ன?"

"இன்னும் நாலு அடி நடங்க."

"என்னடி விளையாட்டு இது?"

"நடங்க அண்ணி, சொல்றேன்ல."

நடந்தாள். நாத்தனார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பார்த்தது இதுதான்: அண்ணி இடது காலைத் தூக்கி, ஒரு கணம் அந்தரத்தில் வைத்து, செருப்பின் வெளி ஓரத்தில் ஊன்றி, சட்டென்று அடுத்த காலுக்கு மாறினாள். முன்னால் போன ஆறும் அதே கணத்தில் தூக்கின, அதே கணத்தில் ஊன்றின. அண்ணி அவற்றைப் பார்த்து நடந்தாளா, அவை அண்ணியைப் பார்த்து நடந்தனவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"நீங்கதான் அண்ணி நொண்டறீங்க. உங்களை மாதிரிதான் இதுங்க நடக்குது."

"எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன். ஒரு வலியும் இல்ல" என்றாள் தையல்காரி. சொன்ன பிறகுதான் அவள் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

கோழிகள் கூண்டுக்குள் போயின. குச்சியில் ஏறவில்லை. தரையை ஒட்டிக் கட்டியிருந்த கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக ஒதுங்கி நின்றன. நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. தையல்காரி குனிந்து உள்ளே போய் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். செம்பி அவள் செருப்பின் வாரைக் கொத்தியது. மறுபடி கொத்தியது. செருப்பைக் கழற்றினாள். கழற்றிய செருப்பின் உள்பக்கம் பழுப்பாக ஊறிப்போயிருந்தது.

காலை நீட்டினாள். ஒரு வருஷமாக அவள் பார்க்காத அவளுடைய உள்ளங்கால், கோழிகள் தினமும் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடியில் தெரிந்தது.

கட்டைவிரலுக்குக் கீழே, மிளகு அளவு இல்லை, பட்டன் அளவுக்குக் கறுத்த பொருக்கு. சுற்றிலும் சிவப்பு. சிவப்பைச் சுற்றிப் பளபளவென்று வீக்கம். பொருக்கின் ஓரத்தில் பழுப்புச் சீழ். இரண்டு கையாலும் இரண்டு பாதத்தையும் ஒரே நேரத்தில் பிடித்தாள். வலது பாதம் குளிர்ந்திருந்தது. இடது பாதம் இஸ்திரிப்பெட்டி மாதிரி கொதித்தது. விரலால் பொருக்கை அழுத்தினாள். அழுத்துவது விரலுக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை. பொருக்குக்கு அடியில் ஏதோ கெட்டியாக விரலில் தட்டுப்பட்டது.

"ஆணி" என்றாள், வேறு யாரோ வீட்டுக் கோழிக்குச் சொல்லுவது போல. "உள்ள கட்டி இறுகியிருக்கு. ரெண்டு வாரம் இருக்கும்."

"ஐயோ அண்ணி!"

"வெந்நீர் வை. உப்புப் போடு. அந்த டப்பாவுல இடுக்கி இருக்கும், பிளேடும் எடுத்துட்டு வா. கால் மணி நேர வேலை. எத்தனை கோழிக்குப் பாத்திருக்கேன்."

நாத்தனார் அசையாமல் நின்றாள். "உங்க அக்காவும் இப்படித்தானே பிளேடு கேட்டாங்க" என்றாள் மெதுவாக.

தையல்காரி நிமிர்ந்து கோழிகளைப் பார்த்தாள். அவை இப்போது காலைத் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை. ஆறும் தரையில் உட்கார்ந்திருந்தன. வலது கால் மட்டும் முன்னால் நீட்டியிருந்தது. இடது கால் சிறகுக்கடியில் எங்கேயோ முழுசாக மறைந்திருந்தது. ஒற்றைக் காலோடு ஆறு கோழிகள். அக்கா தன் கட்டிலில் உட்கார்ந்திருப்பது அப்படித்தான்.

"ஆட்டோ கூப்பிடு" என்றாள் தையல்காரி. "பிளேடு வேணாம். ஆட்டோ கூப்பிடு, சீக்கிரம்."

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்னும் நாலு நாள் போயிருந்தால் பாதத்தை எடுத்திருப்போம் என்று டாக்டர் சொன்னதைப் புருஷன் தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். பஸ் கண்ணாடியில் பின்னால் வருகிற சைக்கிளைக்கூடப் பார்க்கிறவர், வீட்டுக்குள் பெண்டாட்டி நடப்பதைப் பார்க்கவில்லையே என்று தெரு பேசியது. அது அவர் காதுக்கும் போயிற்று. கால் தப்பியது. கட்டைவிரலுக்குக் கீழே ஒரு குழி மட்டும் மிச்சம். குழியிலிருந்து எடுத்ததை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பட்டன் டப்பாவைத் திறந்து மேல்துண்டை எடுத்து ஒட்டவைத்துப் பார்த்தாள். மயிரிழை பிசகாமல் பொருந்தியது. அதன் பிறகுதான் டீச்சரின் கோட்டைத் தைக்க உட்கார்ந்தாள், காலில் கனமான செருப்போடு. டீச்சர் கோட்டை வாங்கி உதறிப் பார்த்து, "முனை கிடைச்சுதா?" என்று கேட்டார். "கிடைச்சுது" என்றாள். எங்கே என்று அவள் சொல்லவில்லை. தெருமுனை தாண்டுவதற்குள் டீச்சருக்கு யாராவது சொல்லியிருப்பார்கள்.

கோழிகள் நேராக நடந்தன. கிளறின, ஓடின, சண்டை போட்டன. ஆனால் தெருவில் யாரும் இப்போது அந்தக் கொல்லையை எட்டிப் பார்ப்பதில்லை. கட்டுத் துணி வாங்க வருகிறவர்கள்கூட முன்வாசலோடு நின்றுகொள்கிறார்கள். புருஷன் மட்டும் தினமும் வேலைக்குப் போகுமுன் கூண்டுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று, ஒரு சுற்றுத் திரும்பிக் காட்டிவிட்டு, கோழிகள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தால் விசிலடித்துக்கொண்டே போகிறார்.

நாத்தனாரும் மதிலில் சாய்வதை நிறுத்திவிட்டாள். இரண்டு வாரம் சமையலறை ஜன்னலிலிருந்தே பேச்சு. அந்த வாய் எத்தனை நாள் ஜன்னலுக்குள் அடங்கும்? ஒரு நாள் காலையில் காபிக் கூஜாவும் இரண்டு டம்ளருமாக வந்து மதிலில் வைத்தாள். கழுத்தை வலது பக்கம் ஒடித்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தாள். கோழிகள் பக்கம் பார்க்கவே இல்லை.

"அண்ணி, உண்மையைச் சொல்லுங்க. என்னைப் பாத்து இதுங்க ஏதாவது பண்ணுதா?"

தையல்காரி கோழிகளைப் பார்த்தாள். ஆறும் மேய்வதை விட்டுவிட்டு மதிலுக்குக் கீழே வரிசையாக வந்து நின்றிருந்தன. கால்கள் எல்லாம் தரையில்தான் இருந்தன. ஆறும் கழுத்தை வலது பக்கம் ஒடித்துத் திருப்பியிருந்தன. ஆறின் வலது கண்ணும் மூடியிருந்தது. இடது கண் திறந்து, இமைக்காமல், நாத்தனாரையே பார்த்தது.

"ஒண்ணும் பண்ணல" என்றாள்.

"நிஜமா?"

"மேயுதுங்க. நீ காபியை ஊத்து."

தையல்காரி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். நாத்தனாரைத் தொடவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. அவள் கூஜாவைச் சாய்ப்பதை, டம்ளரைத் தேடுகிற கையை, கண்ணை எடுக்காமல் பார்த்தாள். காபி டம்ளரின் வலது பக்கம், மதில் மேல் வழிந்து, கோழிகளுக்கு நடுவில் சொட்டியது. ஒரு கோழியும் நகரவில்லை.

"நாளைக்குக் காலையில எனக்குக் கட்டு மாத்தணும்" என்றாள் தையல்காரி. "தனியாப் போக முடியல. நீயும் துணைக்கு வா."

"வர்றேன் அண்ணி, அதுக்கென்ன."

"அங்கயே பக்கத்துல கண்ணுக்கும் பாக்கறாங்க."

நாத்தனார் மதிலில் வைப்பதாக நினைத்து டம்ளரை வைத்தாள். மதில் அந்த இடத்தில் இல்லை.